சிட்டா இல்லாதவன் சாதனை

விருதுக்கு விண்ணப்பிக்கலாமா, கூடாதா?

வேளாண் கல்லூரிகளில் படிக்கிற நம் பிள்ளைகள் மத்தியில் ஆண்டுதோறும் எழுகிற கேள்வி இது. சிறந்த மாணவர் விருது, இளம் வேளாண் சாதனையாளர் விருது, ஊரகப் பயிற்சிப் பரிசு, எவனோ ஒரு பண்ணையார் தன் தகப்பன் பெயர் விளங்க வைத்துவிட்டுப் போன தங்கப் பதக்கம். அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் கிடைக்கிறது. "நமக்கெல்லாம் எங்கண்ணா குடுக்கப் போறாங்க" என்பது ஒன்று. கொஞ்சம் அரசியல் படித்த தோழர்கள் சொல்வது மற்றொன்று: "விருது என்பது பந்தி முடிந்து ஆண்டை வீசுகிற எச்சில் இலை. அதற்குக் கையேந்துவதா விடுதலை அரசியல்?"

முதல் பதில் பட்ட அடியிலிருந்து வருகிறது. இரண்டாவது பதில் தன்மானத்திலிருந்து வருகிறது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டின் விளைச்சலும் ஒன்றுதான். பட்டியலில் நம் பெயர் இல்லை. "தகுதியான விண்ணப்பம் எதுவும் வரவில்லை" என்று தேர்வுக் குழு குறிப்பு எழுதிவிட்டுப் போகிறது. நம்மை வெளியே தள்ளுகிற வேலையை அவன் செய்ய வேண்டியதே இல்லை. நாமே அதை வெட்டியில் செய்து கொடுத்துவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாக வெட்டி வேலை செய்தது போதாதா?

ஆகவே விண்ணப்பியுங்கள் என்கிறேன். கும்பிடு போட்டுக்கொண்டு போக வேண்டாம். அந்தப் படிவத்தையே கூண்டில் ஏற்றுகிற விண்ணப்பமாக அது இருக்கட்டும். எப்படி என்று சொல்வதற்கு முன், படிவம் நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நான்காவது கட்டம்

என் முன்னால் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது. இளங்கலை வேளாண்மை இறுதியாண்டில் நானே நிரப்பிக் கொடுத்ததன் நகல். எந்தக் கல்லூரி, எந்த அறக்கட்டளை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் "அங்க மட்டும்தான் அப்படி" என்று மற்றவர்கள் கைகழுவிக்கொள்வார்கள்.

முதல் மூன்று கட்டங்கள் பெயர், தகப்பனார் பெயர், முகவரி. நான்காவது கட்டம்: குடும்பத்திற்குச் சொந்தமான நிலத்தின் பரப்பு, நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, சிட்டா நகல் இணைக்கவும். ஐந்து: அந்த நிலத்தில் மாணவர் புகுத்திய புதிய தொழில்நுட்பம். ஆறு: அதனால் ஏக்கருக்குக் கூடிய விளைச்சல், புகைப்படத்துடன். ஏழு: கால்நடைகள், பண்ணைக் கருவிகள். எட்டு: தலைமைப் பண்புக்குச் சான்று. ஒன்பது: ஊரில் மதிப்பு மிக்க இருவரின் பரிந்துரை. பத்து: நன்னடத்தைச் சான்று. மொத்தம் நூறு மதிப்பெண். நான்கு முதல் ஏழு வரை மட்டும் ஐம்பது.

இந்தப் படிவம் எங்கேயும் சாதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நிலம் எவ்வளவு என்று கேட்டால் போதும், மற்றதைச் சிட்டா சொல்லிவிடும்.

நான்காவது கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். ஐந்தாவது கட்டத்தில், பன்னிரண்டு வயதிலிருந்து விடுமுறை நாட்களில் நாற்று பறித்தது, வரப்பு கழித்தது, கதிர் அறுத்தது, பொலி தூற்றியது, மருந்து அடித்தது எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக எழுதித் தனித்தாளாக இணைத்தேன். நேர்காணலில் ஒரு பேராசிரியர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதெல்லாம் கூலி வேலப்பா. விவசாய அனுபவம் எங்க?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. கொடுமை அதுதான். விவசாயம் என்றால் நிலம் வைத்திருப்பது. அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்வது வேறு ஏதோ. இதுதான் அவர் கற்ற வேளாண் அறிவியல்.

விருது வாங்கியவன் என் வகுப்புத் தோழன். கெட்டவன் இல்லை. அவன் வீட்டுக்குப் பதினெட்டு ஏக்கர். சொட்டுநீர்க் குழாய் பதித்த படத்தை ஒட்டியிருந்தான். படத்தின் நடுவில் அவன் நிற்கிறான். குழாய் பதித்தவர்கள் ஓரத்தில் குனிந்திருக்கிறார்கள். முகம் தெரியவில்லை. தகப்பன் நிலம், தகப்பன் பணம், அரசு மானியம், சேரியின் முதுகு. இதெல்லாம் சேர்ந்ததற்குப் பெயர் மாணவர் சாதனை.

"நிலமில்லாதவன் எல்லாச் சாதியிலும் இருக்கிறானே, இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். இருக்கிறான். அவனையும் இந்தக் கட்டம் அடிக்கிறது. அவனும் நம்மோடு வந்து கேட்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 16.6 பேர். 2010-11 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் சாகுபடியில் இருந்த நிலம் நூற்றுக்கு ஒன்பதைக்கூடத் தொடவில்லை. அதே 2011இல் சொந்தமாகப் பயிர் செய்வோர் 11.88 கோடி, விவசாயக் கூலிகள் 14.43 கோடி. உழுகிறவனைவிட உழைக்கிறவன் அதிகமாக இருக்கிற நாட்டில், உழைக்கிறவன் பிள்ளைக்குப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். 2015-16 கணக்கெடுப்பில் நூறு சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை பதினான்குதான். நிலமுள்ள வீட்டிலேயே மகளுக்குச் சிட்டா இல்லை. சேரிப் பெண்ணுக்கு எங்கிருந்து வரும்?

தர்க்காஸ்து கொடுத்த தாத்தாக்கள்

நமக்கு நிலம் இல்லாமல் போனது விதியால் அல்ல. அதுவும் ஒரு விண்ணப்பக் கதைதான்.

தமிழ்நாட்டில் வேளாண் கல்வி எங்கே தொடங்கியது? 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதுதான் 1906இல் கோவைக்குப் போனது. 1971இல் அங்கே பல்கலைக்கழகம் ஆனது. அன்று அதே சைதாப்பேட்டைதான் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம். ஒரு பக்கம் வெள்ளைக்காரன் நவீன விவசாயம் கற்றுக்கொடுக்கிறான். மறுபக்கம் அதே மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதுகிறார். உழுகிற சனங்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை என்று அதில் பதிகிறார்.

தரிசு நிலம் வேண்டும் என்று அரசுக்குக் கொடுக்கிற மனுவுக்கு அந்தக் காலத்தில் தர்க்காஸ்து என்று பெயர். தர்க்காஸ்து என்றாலே விண்ணப்பம்தான். நம் ஆள் தர்க்காஸ்து கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஊர் மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. "அந்தத் தரிசு எனக்கு வேணும்" என்று அவன் சொல்லிவிட்டால் நம் மனு செல்லாது. அவன் பயிர் செய்யவேண்டும் என்பதுகூட இல்லை. பண்ணையாள் நிலக்காரனாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவன் கவலை. நம் தாத்தாக்கள் விண்ணப்பித்தார்கள். விண்ணப்பப் படிவம் மிராசுதார் பக்கம் சாய்த்துச் செய்யப்பட்டிருந்தது.

அந்த அறிக்கையின் விளைவாக 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. இன்றைக்கு அந்த நிலமெல்லாம் யார் பட்டாவில் இருக்கிறது என்று ஊருக்கு ஊர் போய்ப் பாருங்கள். கேட்டதற்கு என்ன கிடைத்தது? காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கி வெடித்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். "குடும்பத்திற்குச் சொந்தமான நிலத்தின் பரப்பு" என்று படிவம் கேட்கும்போது அது வெறும் தகவல் கேட்கிறதா? பிடுங்கியவனே வந்து "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது" என்று கேட்டு, இல்லை என்றால் மதிப்பெண் குறைப்பதற்கு என்ன பெயர்?

கைக்குத் தெரிந்தது, காகிதத்துக்குத் தெரியாதது

ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் என்று முதலாண்டில் எழுதிப் போட்டார்கள். மதிப்பெண் உண்டு. என் அம்மாவுக்குச் சென்ட் கணக்கு வராது. நாற்றங்காலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, இத்தனை கட்டு தேறும், இத்தனை ஆள் வேண்டும் என்று சொல்லிவிடும். வேர் அறாமல் எப்படிப் பறிப்பது, சேற்றை எப்படி அலசி முடி கட்டுவது, முற்றிய நாற்றை நட்டால் தூர் எவ்வளவு கட்டும் என்பதெல்லாம் அதன் விரலில் இருக்கிறது. இதே விஷயத்தை நாங்கள் செய்முறைத் தேர்வில் எழுதினோம்.

நைனா ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி. எந்த மடையை எத்தனை நாழி திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எந்த வாய்க்காலை அடைப்பது, ஏரி வற்றுகிற ஆண்டில் எந்தக் கழனியைக் காப்பாற்றலாம், எதைக் கைவிடலாம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இந்த வேலை சேரி ஆட்களுடையதுதான். கம்புகட்டி என்றும் சொல்வார்கள். கல்லூரியில் இதற்குப் பாசன நீர் மேலாண்மை என்று பெயர். அதைச் செய்கிற ஆளுக்கோ ஊரில் "டேய்" என்று பெயர்.

புகையான் வந்தால் வயலில் தண்ணீரை வடித்துவிடு, நடும்போதே இடையிடையே பட்டம் விடு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நல்ல பாடம். அந்தப் பட்டத்துக்குள் இறங்கி, முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மருந்து அடிப்பவன் யார்? 2017இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலிகளுமாக இருபது பேருக்கு மேல் செத்தார்கள். மருந்தை எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்று ஆய்வு செய்தவனுக்குப் பதக்கம் இருக்கிறது. அந்த மருந்தின் வாடை தெரிந்தவனுக்கு?

அம்மாவிடம் இந்த விருது விவகாரத்தைச் சொன்னபோது சிரித்தது. "ஏண்டா, நாத்து புடுங்கறதுக்கெல்லாமா பரிசு குடுப்பாங்க?" என்று கேட்டது. அம்மா வேடிக்கையாகக் கேட்டதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் கொடுக்கக் கூடாது? தன் உழைப்பு அறிவு இல்லை என்று உழைத்தவளையே நம்ப வைத்திருக்கிறார்களே, சாதியின் உண்மையான சாதனை அதுதான். அதற்கு வேண்டுமானால் ஒரு தங்கப் பதக்கம் கொடுக்கலாம்.

முன்னோடி விவசாயி வீட்டுத் திண்ணை

இறுதியாண்டில் ஊரகப் பயிற்சி உண்டு. கிராமத்தில் தங்கி, ஒரு முன்னோடி விவசாயியோடு சேர்ந்து, விதைப்பு முதல் விற்பனை வரை கற்க வேண்டும். 2015இல் மைய அரசு இதையும் சேர்த்து ஸ்டூடன்ட் ரெடி என்று புதுப்பெயர் சூட்டியது. திட்டம் நல்ல திட்டம்தான். கேள்வி வேறு. முன்னோடி விவசாயி என்று யாரைப் பிடிக்கிறார்கள்? கிணறும் டிராக்டரும் மெத்தை வீடும் இருப்பவரைத்தான். அவர் வீடு ஊர்த்தெருவில் இருக்கும்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். முதல் நாள் காபி வந்தது. ஏழு பேருக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்குக் காகிதக் குவளை. பழைய இரட்டைக் குவளை இப்போது தூக்கி எறிகிற குவளையாக முன்னேறியிருக்கிறது. பொறுப்பாசிரியரிடம் சொன்னேன். "மார்க் அவர் கையெழுத்துலதாம்பா இருக்கு, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். நான் அனுசரிக்கவில்லை. மறுநாளிலிருந்து டீக்கடையில் குடித்தேன். "மாணவர் பழகும் தன்மையில் குறைவு" என்று முன்னோடியார் எழுதிக் கொடுத்தார். அதுவும் விருதுக் கணக்கில் ஏறியது.

அந்தப் பயிற்சியில் கோலப்பொடியால் தரையில் கிராம வரைபடம் போடுவார்கள். மக்களே தங்கள் ஊரை வரைய வேண்டும், அதுதான் அந்த முறையின் சிறப்பு என்பார்கள். கோயில், பள்ளி, ஏரி, கூட்டுறவுச் சங்கம், பால் சொசைட்டி எல்லாம் வண்ண வண்ணமாக வந்தன. ஏரிக்கரைக்குக் கீழே நூற்றைம்பது வீட்டுச் சேரி இருந்த இடத்தில் வெறும் மண். மக்கள் என்று கூப்பிட்டவர்களில் சேரிக்காரர் ஒருவரும் இல்லை, பிறகு எப்படி வரும்? நான் ஒரு பிடி சிவப்புப் பொடியை அள்ளி அந்த இடத்தில் போட்டேன். "அது காலனிப்பா, தனியா வரும்" என்றார் ஒருத்தர். தனியாக எங்கே வரும்? இறப்பு அறிவிக்கப் பறையடிக்கும்போதா? நடவுக்கு ஆள் தேடும்போதா?

அப்புறம் அந்த ஒன்பதாவது, பத்தாவது கட்டங்கள். ஊரில் மதிப்பு மிக்க இருவர் என்றால் யார்? நைனாவை விடவும் மதிப்பு மிக்கவர் எனக்கு ஊரில் யாரும் இல்லை. அவர் கைநாட்டை ஏற்பார்களா? நன்னடத்தை என்றால் என்ன? விடுதியில் ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படம் வைத்தவன், உணவு சரியில்லை என்று மனு எழுதியவன், உதவித்தொகை ஏன் தாமதம் என்று அலுவலகத்தில் கேட்டவன் இவர்களெல்லாம் நடத்தை கெட்டவர்கள். அதே காரியத்தைச் சாதிச் சங்கத்துப் பிள்ளை செய்தால் தலைமைப் பண்பு.

கடலுக்கு அப்பால் ஒரு படிவம்

"எல்லாம் சரி, கூலி வேலையை எப்படி அளந்து மதிப்பெண் போடுவது? நடக்கிற காரியமா?" என்று நியாயமாகவே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி.

அமெரிக்காவில் பள்ளி வேளாண் மாணவர்களுக்கு ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு 1928இல் தொடங்கியது. ஆண்டுதோறும் திறன் விருதுகள் தருகிறார்கள். விண்ணப்பம் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டது. மாணவன் என்ன செய்தான், எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று எழுதிவர வேண்டும். அதில் இரண்டு வழி உண்டு. சொந்தமாகப் பயிரோ மாடோ வைத்து நடத்தியவனுக்கு ஒன்று. அடுத்தவர் பண்ணையிலோ கடையிலோ பட்டறையிலோ வேலை பார்த்தவனுக்கு மற்றொன்று. வேலை பார்த்த மணி நேரமும், வாங்கிய கூலியும், கற்ற திறனும் அங்கே சாதனைக் கணக்கில் வருகின்றன. முதலாளித்துவத்தின் தலைநகரத்துக்காரனுக்குத் தெரிகிற இந்தச் சின்னக் கணக்கு, உழவே தலை என்று மேடைக்கு மேடை முழங்குகிற நம்மவர்களுக்குத் தெரியவில்லை.

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இனப் பாகுபாடு சட்டமாக இருந்த தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு அந்த அமைப்பில் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று தனி அமைப்பு கட்டி, 1935இல் டஸ்கிகியில் தேசிய அளவில் கூடினார்கள். அடிமையாகப் பிறந்து வேளாண் அறிவியலாளரான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் கற்பித்த அதே டஸ்கிகி. தங்கள் சட்டை, தங்கள் கொடி, தங்கள் விருது. 1965இல் இரண்டையும் இணைத்தார்கள். இணைப்பு என்பது பெயருக்கு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கறுப்பு அமைப்பின் பெயர் போனது, கொடி போனது, கறுப்புச் சட்டை போய் நீலச் சட்டை வந்தது. அதன் பிறகு கறுப்பர் ஒருவர் தேசியத் தலைவராக வர 1994 வரை ஆனது. கோரி ஃப்ளூர்னாய் என்ற அந்த மாணவர் வந்தது சிகாகோ நகரத்திலிருந்து. கடன் விண்ணப்பங்களில் தங்களைப் பாகுபடுத்திய வேளாண் துறை மீது கறுப்பின விவசாயிகள் வழக்குப் போட்டு 1999இல்தான் ஓர் உடன்பாட்டை வாங்க முடிந்தது.

இதிலிருந்து இரண்டு பாடம். கூலி உழைப்பை அளக்க முடியும், மனசுதான் வேண்டும். இன்னொன்று, நம்மைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அவன் கூப்பிடும்போது நம் கொடியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகக் கூடாது.

எச்சில் இலையா?

இப்போது நம் தோழர்களின் கேள்விக்கு வருகிறேன். ஆண்டை வைத்திருக்கிற பரிசுக்கு ஏன் போக வேண்டும்?

பாபாசாகேப் பரோடா மன்னரின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துத்தான் 1913இல் கொலம்பியா போனார். திரும்பி வந்து சமஸ்தானத்தில் வேலை பார்க்கிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். அதனால் மன்னரின் ஆளாகிவிட்டாரா? அங்கே படித்த படிப்பை வைத்து 1918இல் இந்தியாவின் சிறு நிலக் கைப்பற்றுகள் பற்றிக் கட்டுரை எழுதினார். நிலத்துண்டு சிறியது என்று அழுவதை விட்டு, நிலத்தின் மேல் குவிந்துகிடக்கிற சனங்களுக்கு வேறு தொழில் கொடு என்று வாதிட்டார். 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகைத் திட்டம் வந்ததே, அதுவும் கேட்டு வாங்கியதுதான். கேட்பது வேறு, கெஞ்சுவது வேறு. வரிப்பணத்தில் நடக்கிற கல்லூரியில், உன் அம்மா நட்ட நெல்லைத் தின்று வளர்ந்தவர்கள் உட்கார்ந்திருக்கிற குழுவில், உன் பங்கைக் கேட்பது எப்படி எச்சில் ஆகும்?

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசுமைப் புரட்சிக் காலத்தில், 1967 முதல் 1970 வரை, பிறகு 1974 முதல் 1977 வரை, நாட்டின் வேளாண் அமைச்சராக இருந்தவர் நம்மில் ஒருவரான ஜெகஜீவன்ராம். அவர் பெயரில் புதுமை விவசாயி விருதுகூட ஏற்படுத்தினார்கள். அமைச்சர் நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்ததால் சிட்டாவில் நம் பெயர் ஏறிவிட்டதா? அவர் முதல் முறை அமைச்சராக இருந்தபோதுதான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி கேட்ட குடும்பங்களில் 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். பெயர்ப் பலகையில் நம் பெயர் வருவது விடுதலை ஆகாது. 1947இல் அரசமைப்பு அவைக்கு அளித்த அறிக்கையில் பாபாசாகேப் கேட்டது இதைவிடப் பெரியது. நிலம் அரசுடையதாக வேண்டும், சாதி மத பேதமில்லாமல் ஊர்க்காரர் கூட்டாகப் பயிர் செய்ய வேண்டும், ஆண்டையும் இருக்கக் கூடாது, குத்தகைக்காரனும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது. அது நடந்தால் நான்காவது கட்டத்துக்கே வேலை இல்லை. அதுவரை அந்தக் கட்டத்தோடு சண்டை போட்டாக வேண்டும்.

எப்படி நிரப்புவது

நிலப் பரப்பு கேட்டால் வெறுமனே இல்லை என்று எழுதாதீர்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, புல எண் என்ன, இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்து எழுதுங்கள். "எங்களுக்குச் சேர வேண்டியது இவ்வளவு" என்று எழுதுங்கள்.

பண்ணை அனுபவம் கேட்டால் நீங்களும் அப்பா அம்மாவும் செய்த வேலையை நாள் கணக்கு, கூலிக் கணக்கோடு எழுதுங்கள். பயிர் எது, பருவம் எது, என்ன கற்றீர்கள் என்று பாடப்புத்தக மொழியிலும் எழுதுங்கள், வீட்டு மொழியிலும் எழுதுங்கள். புகைப்படம் கேட்டால் குனிந்திருக்கிறவர்கள் முகம் தெரிகிற படமாக எடுத்து ஒட்டுங்கள்.

பரிந்துரைக்கு அப்பா அம்மாவோடு வேலை பார்த்த நடவுப் பெண்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். ஏற்க மாட்டோம் என்றால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒருத்தர் போனால் விசித்திரம் என்பார்கள். இருபது பேர் சேர்ந்து ஒரே நாளில் கொடுங்கள். முடிவு வந்ததும், அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் மனுப் போட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் யாருக்கு எத்தனை மதிப்பெண், குழுவில் யார் யார் என்று வாங்குங்கள். வாங்கியதை நகலெடுத்து விடுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அதோடு நம் மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டியவை: நிலப் பரப்புக்கு மதிப்பெண் கூடாது. கூலி உழைப்புக்குத் தனிக் கட்டம் வேண்டும். ஊரகப் பயிற்சியில் சேரியிலும் மாணவர்களைத் தங்க வைக்க வேண்டும்; கூலித் தொழிலாளியும் பயிற்றுநராக ஏற்கப்பட்டு அவருக்கும் மதிப்பூதியம் தரப்பட வேண்டும். தேர்வுக் குழுவில் பட்டியல் சாதிப் பேராசிரியரும், பெண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்று என்ற கண்காணி வேலை ஒழிய வேண்டும்.

இவ்வளவும் செய்து விருது கிடைக்காமல் போகலாம். எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் என் தனித்தாள் அந்தக் கோப்பில் இருக்கிறது. அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று மனுப் போட்டுக் கேட்டபோது, "இப்பொருள் குறித்து விதிமுறை இல்லை" என்று பதில் எழுத வேண்டியிருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக வேளாண்மை கற்றுக்கொடுக்கிறவர்கள், உழைப்பு குறித்துத் தங்களிடம் விதிமுறை இல்லை என்று கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட காகிதம் அது. தோழர்களே, அந்த மாதிரிக் காகிதம் இன்னும் ஆயிரம் வேண்டும். நாற்று முடியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். தாங்காத வரப்பு உடையத்தான் வேண்டும்.